டோரீன் போடாத முடிச்சு

முடிச்சு அழகாக இருந்தது. ராய்ஸ்டனை நிற்க வைத்தது அதுதான்.

அவன் போட்ட முடிச்சு எதுவும் இத்தனை வருடப் படகு வாழ்க்கையில் அழகாக இருந்ததில்லை. ஷூ லேஸே மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும் ஆள். மழையில் தேம்ஸ் ஆறு பொங்கியிருந்தது. படகுகளை ஏற்றி இறக்கும் லாக்கின் கதவில், யாரும் போகக்கூடாதென்ற சிவப்புப் பலகையை மாட்டிவிட்டு லாக் காவலர் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல், தடுப்பணைக்குச் சற்று மேலே, சேறும் டீசலும் நாறும் கரையில், இரண்டு முளை அடித்து, முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகக் கயிறு போட்டுப் படகைக் கட்டியிருந்தான். நாள் முழுக்கச் சுக்கான் பிடித்த கைகள் அவனுடையவை மாதிரியே இல்லை.

"டோரீன், முன் கயிற்றை அவிழ்த்துக் கட்டினியா?"

"இந்த மழையிலயா?" படகுக்குள்ளிருந்து மனைவி சிரித்தாள். "உன் முடிச்செல்லாம் திருத்த எனக்கு இன்னொரு ஆயுசு வேணும், கிழவா."

குனிந்து பார்த்தான். நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சு. புறப்படும்போது போடுவது.

பின் கயிறு முளையில் இல்லை. புல்லின் மேல் வட்டமாக, ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. படகின் பின்பக்கம் மெல்லக் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

திரும்பினான். அழகான முடிச்சும் அவிழ்ந்திருந்தது.

ஓடும் கயிற்றைப் பாய்ந்து பிடித்தான். முளையில் ஒரு சுற்று. குதிகால் சேற்றில். படகு இழுத்தது. அணையின் இரைச்சல் இழுத்தது.

"டோரீன்! வெளிய வா! குதி!"

"கேக்கலப்பா! அணை கத்துது!" ஜன்னலில் அவள் முகம், கையில் கெட்டில். "உன் பக்கத்துல நிக்கிறவருக்கு டீயில சக்கரை எத்தனை ஸ்பூன்னு கேளு!"

கரையில் யாரும் இல்லை.

கயிறு லேசானது. அவனுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டு, அவன் கைகளோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்திருந்தன. வெளுத்து, ஊறி, ஆற்றைப் போலக் குளிர்ந்த கைகள். தோள்வலி நின்றது. வெட்கக்கேடு, நன்றி சொல்லத்தான் வாய் வந்தது.

அந்தக் கைகள் கயிற்றை விட்டன.

அவன் சுண்டுவிரலைப் பிடித்தன. நிமிர்த்தின. அடுத்த விரல். அதற்கடுத்தது. அவசரமே இல்லாமல், நன்றாகப் பழகியவர் முடிச்சு அவிழ்ப்பதுபோல.

ஜன்னலில் டோரீன், அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தாள்.