அடித்தட்டை விட்டுப் போன திருடன்

வியாழக்கிழமை காலை பத்து மணி. துணி துவைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து திரும்பிய வெர்னா கிட்டோ, கேரவன் வாசலில் சாய்த்து வைத்திருந்த, தங்கம் தேடும் தன் டிடெக்டரின் மேல் கிடந்த வெள்ளைத் துண்டைத் தூக்கினாள். அவள் போட்ட அலறலில் மல்லீப் பாறை முகாமின் கிளிகள் அத்தனையும் ஒன்றாகப் பறந்தன.

"ப்ரான்! என் காயிலைக் காணோம்!"

ப்ரான் ஹாக்கடே வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். முகாமுக்குச் சமையல்காரி அவள்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நகரசபையில் ரேஞ்சர் வேலை பார்த்தவள். தெருநாய் பிடிப்பது, அடிபட்ட நாயை வைத்தியரிடம் கொண்டுபோவது, கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பவர்களை விரட்டுவது எல்லாம் அவள் தலையில்தான் விழும். போலீஸ் ஸ்டேஷனுக்கு மண்ரோட்டில் இரண்டு மணி நேரம் போக வேண்டும் என்பதால், இங்கே ஒரு சாவி தொலைந்தாலும் எல்லோரும் ப்ரானைத்தான் கூப்பிடுவார்கள்.

தொலைந்தது சாவியாக இருந்தால் பரவாயில்லையே! டிடெக்டரின் கழுத்து வரை எல்லாம் இருந்தது. காலில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் தங்கத்தை மோப்பம் பிடிக்கிற அந்த வட்டமான காயில்தான் போயிருந்தது. வெர்னாவின் மெஷினுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அந்த ரகத்துக்கான காயிலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. வெளியே தனியாகச் செய்து விற்றுக்கொண்டிருந்த சின்னப் பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. இப்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் தங்கம்கூட அகப்பட்டுவிடும், பழைய மெஷினுக்குக் காயில் அகப்படாது.

"புது மெஷின் வாங்கிக்கோயேன்" என்று அவளிடம் சொல்லாத ஆளில்லை. புது மெஷின் எல்லாமே கனம். கம்பெனி போட்ட பழைய காயிலும் கனம்தான். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு வெர்னாவால் தரைக்கு மேல் இப்படியும் அப்படியும் வீச முடிந்தது அந்தப் பட்டறைக் காயில் ஒன்றைத்தான். அதுவும் தண்டோடு மாட்டுகிற காதுப்பக்கம் விரிசல் விட்டு, பசை போட்டு ஒட்டியது.

"போச்சு ப்ரான். காயில் போனா நானும் போக வேண்டியதுதான்" என்றாள் வெர்னா. "பெர்த் சிட்டில என் மக ரூமைக்கூட ரெடி பண்ணி வெச்சிருக்கா. ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவர். அங்க உக்காந்து நான் என்ன பண்றது, சுவரையா தோண்டுறது?"

ப்ரான் குனிந்து பார்த்தாள்.

துண்டுக்கடியில், காயில் இருக்க வேண்டிய இடத்தில், அதன் பிளாஸ்டிக் அடித்தட்டு மட்டும் கிடந்தது. காயில் கல்லில் தேயாமல் இருக்க அடியில் செருப்பு மாதிரி மாட்டுகிற தட்டு அது. தட்டையும் காயிலையும் சேர்த்து வெர்னா சுற்றியிருந்த கறுப்பு டேப் கிழிபடவில்லை. நிதானமாக உரித்து, கேரவன் கூரையின் கம்பத்தில் நீளவாக்கில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. கீழே தரையில் ஒரு சிட்டிகை இரும்புக்கல் பொடி சின்னக் குவியலாக இருந்தது. தட்டின் உட்பக்கம் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"கடைசியா எப்போ பாத்தே?"

"நேத்து சாயங்காலம். துண்டைப் போட்டு மூடினேன். வியாழக்கிழமை நான் வெளிய போறதில்லன்னு உனக்குத் தெரியாதா? துணி நாள். இன்னைக்கு விரிசலுக்குப் பசை போடலாம்னு தோணிச்சு, தூக்கினேன்."

"காலைல யாரு யாரு இருந்தோம்?"

"நாலு பேருந்தான். ஒண்ணாத்தானே சாப்பிட்டோம்? வழக்கம்போல டட்லி தன் தட்டுல இருந்த பன்னிக்கறித் தோலை எல்லாம் அவன் நாய்க்குப் போட்டான். நீ தின்னுய்யா, எலும்பும் தோலுமா இருக்கேன்னு நான்கூடத் திட்டினேன். நாம வாளியைத் தூக்கிட்டுக் கிளம்பறப்போ அவன் நாயை வண்டில ஏத்திட்டிருந்தான். அதுக்கு இடுப்புல வலியாம், எக்ஸ்ரே எடுக்கணுமாம். மிருக வைத்தியர் டவுனுக்கு வியாழக்கிழமைதானே வர்றாரு."

"அப்போ மிச்சம் இருந்தது..."

"லெக்ஸ்" என்றாள் வெர்னா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

லெக்ஸ் பாரோடேல் பழைய காயில்களை வாங்கி, இணையத்தில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறவன். வெர்னாவின் காயிலையும் கேட்டுக் கேட்டு நச்சரித்தவன். ப்ரான் அவனுடைய வேனின் கதவைத் தட்டியதும் தூங்கிய கண்ணோடு வந்தான்.

"காலைல எங்க இருந்தே?"

"வேன்ல."

"என்ன பண்ணிட்டு?"

"தூங்கிட்டு. வேற என்ன பண்ணுவாங்க வேன்ல?"

"உள்ள பாக்கலாமா?"

"பாரு, பாரு! எல்லாருக்கும் திருடன்னா என் மூஞ்சிதான் ஞாபகம் வரும்!" அவன் கதவை விரியத் திறந்துவிட்டான். உள்ளே ஆறு காயில்கள் தொங்கின. காதில் விரிசல் விட்டு ஒட்டியது ஒன்றுகூட இல்லை. ப்ரான் மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தாள்.

"அடித்தட்டு அங்கேயே கிடக்குதே?" என்றான் லெக்ஸ், வெர்னாவின் கேரவனை எட்டிப் பார்த்து, கடுப்போடு. "நான் எடுத்திருந்தா அதை விட்டுட்டு வருவேனா? அந்தத் தட்டும் இப்போ எங்கயும் கிடைக்காது. அது இல்லாத காயிலை எவன் வாங்குவான்? என்னைத் திருடன்னு சொல்லு, பொறுத்துக்குறேன். முட்டாள்னு சொல்லாதே."

சொன்னதில் நியாயம் இருந்தது. அது ப்ரானுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

மத்தியானம் டட்லி ரஸ்கின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. டட்லி மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி நிற்பதற்குள் அவருடைய நாய் மஃபின் பின்னாலிருந்து ஒரே தாவலில் குதித்து, கிளிகளைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"டட்லி, வெர்னாவோட காயில் காணாம போச்சு."

டட்லியின் முகம் வெளுத்தது. "அதுக்குள்ளயா?" என்றார். பிறகு, "அடப்பாவமே" என்றார்.

"நாய்க்கு எப்படி இருக்கு?"

"ஆங்? நல்லா இருக்கு. மயக்க மருந்து குடுத்துத்தான் படம் எடுத்தாங்க. எலும்புல ஒண்ணும் இல்லையாம்."

"போறப்போ வெர்னா கேரவன் பக்கம் யாரையாவது பாத்தியா?"

"இல்ல ப்ரான்." சுருட்டிய நாய்ப் போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் தன் கூடாரத்துக்குள் போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அதைப் பார்த்து வெர்னா, "பாவம், என்னைவிட அவனுக்குத்தான் துக்கம் அதிகம் போல" என்றாள். "போன வருஷம் என் இன்னொரு காயிலை ரிப்பேர் பண்றேன்னு அறுத்துத் திறந்து கொன்னே போட்டான், ஞாபகம் இருக்கா? இனிமே என் காயில் பக்கம் கை நீட்டினே, ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்னு சொன்னேன். ஒரு மாசம் என் எதிர்லயே வரல." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பிறகு சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி மகளுக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை வந்து அழைத்துப் போகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ப்ரான் கல்சட்டியில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள். மஃபின் காலடியில் வந்து உட்கார்ந்து, உலகத்திலேயே சோறு கிடைக்காத ஒரே நாய் தான்தான் என்பது போல முனகியது. ஒரு துண்டுத் தோலை எடுத்தவள், கையை அந்தரத்திலேயே நிறுத்தினாள்.

"அட, மக்கு ப்ரான்! நேத்தே இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

தேநீர் வேளையில் மூன்று பேரையும் அடுப்பைச் சுற்றி உட்கார வைத்தாள். வெர்னாவின் பெட்டிகள் பாதி கட்டிய நிலையில் கேரவன் வாசலில் கிடந்தன.

"எதுக்குத் திருடினான்னு நாம எல்லாரும் ஒரே மாதிரி நினைச்சோம்" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணு விக்கறதுக்கு, இல்லன்னா வெளிய எடுத்துட்டுப் போய் வீசித் தங்கம் தேடறதுக்கு. காயிலை வெச்சு வேற என்ன பண்ணுவாங்க? ஆனா லெக்ஸ் சொன்னது சரி. விக்கறவன் அடித்தட்டை விட மாட்டான். வீசறவனும் விட மாட்டான், இந்தக் கல்லுல தட்டு இல்லாம வீசினா காயில் ஒரு வாரம் தாங்காது."

"துண்டுக்கடியில காயில் இருக்கற மாதிரி உருவம் தெரியணும்னு வெச்சிருப்பான்" என்றாள் வெர்னா.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுவும் உண்மைதான். ஆனா டேப்பை எதுக்குப் பத்திரமா கம்பத்துல ஒட்டி வைக்கணும்? பழைய டேப்பை யாரு பத்திரப்படுத்துவா? திரும்ப அதே இடத்துல சுத்தப் போறவன்தான். இந்த ஆளு காயிலைத் திருப்பி வைக்கிற எண்ணத்தோடதான் எடுத்துட்டுப் போயிருக்கான். வியாழக்கிழமை நீ துண்டைத் தூக்க மாட்டேன்னு தெரிஞ்சவன்."

டட்லி தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது அந்தப் பொடி. தட்டுக்கும் காயிலுக்கும் நடுவுல சேர்ற இரும்புக்கல் பொடியை ஒண்ணு விடாம தட்டித் துடைச்சிருக்கான். எதுக்கு? அது இருந்தா ஒரு இடத்துல வெள்ளைப் புள்ளியா விழும். எங்கன்னா, எக்ஸ்ரே படத்துல."

லெக்ஸ் வாயைப் பிளந்தான்.

"காயிலை அறுத்தா செத்துப் போகும். அறுக்காமலே உள்ள கம்பி எப்படி சுத்தியிருக்குன்னு பாக்க ஒரே வழி அதுதான். நேத்து டவுனுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனது யாரு? நாய்க்கு மயக்க மருந்து குடுத்தாங்கன்னியே டட்லி, பன்னிரண்டு வருஷம் நான் கூட்டிட்டுப் போகாத நாயா? மயக்கம் குடுக்கணும்னா முந்தின ராத்திரியிலிருந்து நாய் பட்டினி கிடக்கணும். மஃபின் நம்ம எல்லார் கண்ணு முன்னாடியும் ஒரு தட்டு பன்னிக்கறித் தோல் தின்னுச்சு. மயக்கம் குடுத்த நாய் அன்னைக்குப் பூரா குடிகாரன் மாதிரி தள்ளாடும். இது வண்டியிலிருந்து தாவிக் கிளி துரத்துச்சு. நேத்து எக்ஸ்ரே மேஜையில படுத்தது மஃபின் இல்ல. வெர்னாவோட காயில்."

டட்லி எழுந்து கூடாரத்துக்குப் போய், நாய்ப் போர்வையைக் கொண்டுவந்து வெர்னாவின் மடியில் வைத்தார். உள்ளே காயில் இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். கூடவே ஒரு கறுப்புப் படமும் இருந்தது. அதில் கம்பிச் சுற்றுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

"மத்தியானமே திருப்பி வெச்சிடலாம்னு இருந்தேன்" என்றார். "வந்து பாத்தா ஊரே கூடி நிக்குது. பயந்துட்டேன். வைத்தியர்கூடக் கேலி பண்ணினார், உங்க நாய்க்கு எலும்பே இல்லையேன்னு."

வெர்னா விரிசலைத் தடவிப் பார்த்தாள். காயிலை மார்போடு அணைத்தாள். அப்புறம் கத்தினாள். "ஒரு ராத்திரி பூரா அழுதேன்டா பாவி! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்! நீ மறுபடியும் கேட்டிருக்கணும்!"

"இது இன்னும் ஒரு வருஷம் தாங்காது வெர்னா. விரிசல் உள்ள வரைக்கும் போயிருக்கு, படத்துல தெரியுது. அதுக்குள்ள இதே மாதிரி புதுசா ஒண்ணு சுத்திடலாம்னு பாத்தேன். வருமா வராதான்னு எனக்கே தெரியாது. முதல் ரெண்டு மூணு வீணாத்தான் போகும்."

"வந்தா எனக்கும் ஒண்ணு..." என்று ஆரம்பித்த லெக்ஸை ப்ரான் முறைத்தாள். அவன் தேநீரைக் குடித்தான்.

"உனக்கு ஏன்யா இந்த வேலை?" என்றாள் வெர்னா. குரல் தணிந்திருந்தது. "நான் போனா உனக்கென்ன? நீ பாட்டுக்குத் தங்கம் தேடிட்டு இரேன்."

டட்லி தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கு எங்க தங்கம்? நாலு வருஷமா இந்த இரண்டு காதும் சரியா கேக்கறதில்ல. மெஷின் கூவினாக்கூட எனக்குத் தெரியாது. சும்மா உங்க பின்னாடி வீசிட்டு நடக்குறேன். நீங்க பெர்த்துக்குப் போயிட்டா, நான் யாரு பின்னாடி நடக்குறது?"

ப்ரான் அவசரமாகச் சட்டியைத் தேய்க்கத் திரும்பினாள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

வெர்னா காயிலை மெதுவாக நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, பாறை மேல் ஏறினாள். கீழிருந்து பார்த்தால் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடப்பது தெரிந்தது. ரொம்ப நேரம் பேசினாள். டட்லி தலையை நிமிர்த்தவே இல்லை.

இறங்கி வந்தவள் மூச்சு வாங்க அவருக்கு எதிரே நின்றாள்.

"என் மக நாளைக்கு வரல" என்றாள், அவருக்குக் கேட்கும்படி உரக்க. "வேண்டாம்னுட்டேன். யாரும்மா அந்த டட்லின்னு கேட்டுக் கேட்டு உசுரை வாங்கிட்டா. எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. அடுத்த மாசம் வர்றாளாம், உன்னைப் பாக்க. அதுவரைக்கும் இன்னொரு காயிலை அறுத்து வெச்சு என் மானத்தை வாங்காதே. எங்க நீ சுத்தப்போற கம்பி? எடு, ஒரு பக்கம் நான் பிடிச்சுக்குறேன்."