பதினேழாவது திருத்தம்

தினமும் காலை ஒன்பதரை மணிக்குப் பேச்சியம்மாள் தன் அப்பாவைப் பற்றி ஒரு கருவியிடம் சொல்லியாக வேண்டும். உரு டிசைன் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் அதே விதிதான். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் போய், வேலையில் சேர்ந்த அன்று பதிவு செய்த சின்ன வயது நினைவைத் திரும்பச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும். ஊருக்கெல்லாம் நினைவு தயாரிக்கிறவர்களின் சொந்த நினைவு கலங்காமல் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது.

"உப்பளம். எனக்கு எட்டு வயசு. அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். கேன்ல ஒரு மடக்குத் தண்ணிதான் கெடந்துச்சு. அப்பா அண்ணாந்து குடிச்சாரு, தொண்டை ஏறி எறங்குச்சு. பெறவு எங்கிட்ட குடுத்தாரு. தண்ணி கொறையவே இல்ல. குடிக்கிற மாதிரி நடிக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் முழுசையும் குடிச்சேன்."

பச்சை.

அடுத்த வருஷமே அப்பா சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனார். வீட்டில் உருப்படியாக ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் விட்டுப்போன சொத்து என்று பார்த்தால், பேச்சிக்கு அந்த ஒரு மடக்குதான்.

தூத்துக்குடியில் இப்போது வெறும் பொருளை எவரும் வாங்குவதில்லை. சோப்போ செருப்போ, பிரித்தவுடன் ஊன்றுமணம் ஒன்று மூக்கில் ஏறும். மூன்று தரம் ஏறிவிட்டால் போதும், அந்தப் பொருள் சின்ன வயதிலேயே உங்களோடு இருந்தது என்ற நினைவு மண்டைக்குள் வேர்விட்டுவிடும். நினைவூன்றல் என்று அதற்குப் பெயர். லோகோ வரைந்து கொடுத்துக் காசு வாங்கியதெல்லாம் பழங்கதை. ஸ்டூடியோ முதலில் கிளையன்ட்டை உட்காரவைத்து, மக்கள் கண்ணுக்கு அவர் யாராகத் தெரிய ஆசைப்படுகிறார் என்று கேட்கும். பிறகு வாங்குகிறவர்களின் மனதில் எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று தேடும். அந்தக் காலியிடத்துக்குத் தோதாக ஒரு நினைவைச் செதுக்கும். பாட்டில், மூடி, நிறம், எழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் இட்டுக்கட்டிய நினைவு வேர்விடாது. யாரோ ஒருவர் நிஜமாக வாழ்ந்த நினைவாக இருக்க வேண்டும்.

நீரகம் குடிநீர்க் கம்பெனி வந்தபோது அங்கேதான் இடித்தது. தண்ணீருக்கென்று சொந்த ருசியும் இல்லை, சொந்த மணமும் இல்லை. நினைவு ஒன்றுதான் சரக்கு. ஸ்டூடியோ காட்டிய மூன்று நினைவுகளையும் கம்பெனிக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஏசி ரூம் வாடை அடிக்கிறதாம்.

ஸ்டூடியோ தலைவி மிருதுளா பேச்சியைக் கூப்பிட்டாள்.

"உன் காலைப் பதிவைக் கேட்டேன், பேச்சி."

"அது என் சொந்த விஷயம் மேடம்."

"தெரியும். ஆனா இந்த ஆபீஸ்ல தாகம்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். எங்க எல்லார் வீட்லயும் ஃபிரிட்ஜ் இருந்துச்சு."

"ஓ, இப்பதான் கண்ணுக்குத் தெரியுதேனா? போன வருசம் என் இங்கிலீஷைப் பத்தி ஆபீஸுக்கே மெயில் போட்டீங்களே."

மிருதுளா கோபப்படவில்லை. "இந்த ப்ராஜெக்ட்டுக்கு நீதான் தலைமை. மூடி, பாட்டில் எல்லாம் உன் கையில. மூல நினைவு உன்கிட்டயேதான் இருக்கும். வேலை செய்யும்போது மாஸ்க் போட்டுக்கோ, அந்தத் தண்ணியை மட்டும் திறக்காதே."

வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் பேச்சி. மூன்று வருஷமாக அந்த ஆபீசில் அடுத்தவர் வரைந்ததற்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். அப்பனை வைத்தாவது இவர்களுக்குக் காட்டிவிடுகிறேன் என்று ஒரு வெறி ஏறியது. கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு திருத்தங்கள் வந்தன. பெயின்ட் வாடையடிக்கும் பழைய கேன் போய் நீலக்கழுத்து பாட்டில் வந்தது. உப்பளத்து வெயில் கண்ணை உறுத்துகிறது என்றார்கள், ஒரு மரத்தடி வந்தது. வாங்குகிறவர்கள் அவரவர் அப்பாவைப் பொருத்திக்கொள்ள வேண்டுமே, அதனால் அப்பாவின் முகத்தைக் காலியாக்கினாள். பதினேழாவது திருத்தத்தில் கம்பெனி கேட்டது ஒரே ஒரு வரியை. 'தெரிஞ்சேதான் குடிச்சேன்' வேண்டாம்.

"அதை எடுத்தா இது வெறும் விளம்பரம் மேடம்."

"வேற என்னதான் செய்யறோம் இங்க?"

பேச்சியே வெட்டினாள். வெட்டிய இடம் தெரியாமல் அத்தனை சுத்தமாக வந்தது வேலை. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

தண்ணீர் கடைக்கு வந்த இரண்டாவது வாரம், பஸ்ஸில் முன்சீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்கப்பா குடிக்க மாதிரி நடிப்பாருக்கா. கடைசி மடக்க எனக்குத் தந்துருவாரு." மற்றவள், "ஐயோ, எங்கப்பாவும் அதேதாம்ட்டி!" என்று கண்ணைத் துடைத்தாள். எழுந்துபோய் இரண்டு பேரையும் அறையலாமா என்றிருந்தது பேச்சிக்கு.

அன்று காலை கூண்டுக்குள் சிவப்பு எரிந்தது. கடைசி வரி விடுபட்டுள்ளது என்றது கருவி. பழைய பதிவை வாங்கிப் படித்தாள். 'தெரிஞ்சேதான் முழுசையும் குடிச்சேன்.' வேறு எவளோ சொன்னது போலிருந்தது. அப்படித் தெரிந்திருந்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மாஸ்க் போட்டுட்டுத்தானே இருந்தேன்!" என்று மிருதுளாவின் அறைக்குள் நின்று கத்தினாள்.

"மணம் உன்னைத் தொடல பேச்சி. பதினேழு தடவை திருத்தினியே, அதுல போயிருக்கு. எனக்கும் ரெண்டு நினைவு அப்படிப் போச்சு."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

பேச்சிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சாட்சி, அம்மா. உப்பளத்தில் நடந்ததை அப்பா அன்றைக்கே வீட்டில் சொல்லியிருப்பார். ஆமாம் நடந்தது என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பற்றிக்கொள்ளலாம். அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் நாற்காலியில் நரைத்தாடியோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக நாலைந்து காலி நீரகம் பாட்டில்கள் கிடந்தன. அம்மா செண்பகத்தின் அப்பா, சுடலைமுத்து. குடித்துவிட்டு மகளின் மணிக்கட்டை உடைத்த மனிதர். இருபது வருஷமாக அவர் பெயரை அம்மா வாயால் சொன்னதில்லை.

"ஏரலுக்குப் போயி நாந்தான் கூட்டியாந்தேன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் பேச்சி இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"யம்மா, உப்பளத்துல அப்பா எனக்குக் கடைசித் தண்ணியைக் குடுத்தாருல்லா? ஒங்கிட்ட சொன்னாருல்லா?"

"ஒங்கப்பாவா? ஏட்டி, அது எங்கப்பாட்டி! மரத்தடியில வச்சு, நீலக்கழுத்து பாட்டில்ல. எம்புட்டுப் பாசம்! இதப்போயி மறந்துட்டுல்லா இத்தன வருசம் இந்த மனுசனை வைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்." கோணலாகச் சேர்ந்த கையால் கிழவரின் தலையைத் தடவிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

கிழவர் பேச்சியை அருகே வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ஏட்டி, நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்கேன். நா நெசமாவே அப்படிச் செஞ்சனா?"

பேச்சி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நெனப்பு இல்லயே. அவ கைய ஒடிச்சது மட்டுந்தான் நெனப்புல கெடக்கு."

ஸ்டூடியோ பிள்ளைகளுக்கு மட்டும்தான் நினைவு செய்தது. கொடுத்த அப்பன்மாருக்கென்று ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கிழவர் தன் தலைக்குள் தேடித்தேடி வெறுங்கையோடு நிற்கிறார். இல்லை என்று பேச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு மடக்கு மறுபடி அவள் அப்பாவுடையதாகிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அடுப்படியில் அம்மா என்னவோ பாடினாள். அம்மாவுக்குப் பாடத் தெரியும் என்பதே பேச்சிக்கு அப்போதுதான் தெரியும்.

"குடுத்திய தாத்தா" என்றாள். "அம்மா சொல்லிச் சொல்லி நா சின்னதுலேயே கேட்டிருக்கேன்."

கிழவர் துண்டில் முகம் பொத்தி அழுதார். "அப்ப நா அம்புட்டு மோசமானவன் இல்ல. என்ன?"

"இல்ல."

பேச்சி கண்ணை இறுக மூடி அப்பாவைத் தேடினாள். வந்தது ஒரு மரத்தடி. அங்கே நின்ற ஆளுக்கு முகம் இல்லை, அவளே துடைத்து வைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெற்று இடத்தில் மெல்ல நரைத்தாடி முளைக்கத் தொடங்கியது.