ஈரத்துணிக்கு அப்பால்

‘முருகா’ என்ற சொல்லில் ‘ஸ்’ எங்கிருந்து வந்தது?

ரெங்கசாமி ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒலிப்பதிவுக்காக வாடகைக்கு எடுத்த மாடியறை அது. ரயில் சத்தம் நுழையாதிருக்க ஜன்னல்களைச் சாத்திச் சாக்குப்படுதா தொங்கவிட்டதில் நடுப்பகலிலேயே இருட்டி, ஈரச்சாக்கின் வாடையும் பாட்டைப் பதியும் மெழுகுத் தட்டின் வாசனையும் கலந்து கனத்துக் கிடந்தது. பாட வந்த ரமணிக்குச் சீறலே இல்லாத குரல். அதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

பாட்டு அவர் மனைவி சீதாலெட்சுமி கட்டியது. அவளுக்கு முன்பல்லில் சந்து. எந்தச் சொல்லானாலும் மூச்சு அழுந்துமிடமெல்லாம் ‘ஸ்’ என்று சீட்டியடித்துத் தட்டைக் கீறிவிடும். மூன்று மாதம் அந்தச் சந்தில் தன் கையாலேயே மெழுகுவர்த்தி மெழுகை அடைத்துப் பார்த்தார். கடைசியில், “உன் வாய் தட்டுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டார். பாவி மனிதர். அதன்பின் அவள் பாடவேயில்லை. மாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பாட்டாவது மிஞ்சட்டும் என்று இப்போது தவித்தார். மிச்சமிருந்ததோ ஒரே தட்டு. நாளைக்குக் கம்பனியின் பதிவு இயந்திரம் கப்பலேறிவிடும்.

“நான் ஒழுங்காத்தானே பாடுறேன் அண்ணே?”

“ஒழுங்காத்தான்மா பாடுறே. மைக்குக்கு நேரா வேணாம். மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்க லா.”

மைக்குக்கு ஒரு சாண் முன்னால் மல்துணியை நனைத்துத் தொங்கவிட்டார். சீறும் மூச்சு அதில் முட்டி அடங்கிவிடும். மூலையிலிருந்த இயந்திரத்துக்குப் போய், கடைசித் தட்டில் ஊசியை இறக்கினார்.

ரமணி சுவரைப் பார்த்துப் பாடினாள்.

ஸ்.

பக்கவாட்டிலிருந்து வரவில்லை. மைக்குக்கு நேராக, வெகு கிட்டத்தில்.

கையை உயர்த்தினார். ரமணி வாயை மூடிக்கொண்டாள்.

ஸ். ஸ்.

பாட்டில் சீதாவின் பல்சந்து சீட்டியடித்த இடங்களில் மட்டும். தாளம் தப்பாமல்.

“சீதா, நான் சொன்னது தப்பு” என்றார்.

துணி அசைந்தது.

பாடுகிறவள் மூச்சுப் பட்டால் அது மைக்கின் பக்கம் போகவேண்டும். இது ரமணியின் பக்கம் புடைத்தது. மைக்கின் பக்கத்திலோ யாரும் இல்லை.

முதலில் மூக்கு. பிறகு உதடு.

ஈரத்தில் இரண்டு முன்பற்கள் அழுந்தின. நடுவே சந்து. துணிக்குக் கீழே, பலகைத் தரையில், அரிசியளவு மெழுகு உருண்டு விழுந்தது.

ஊசி ஓடிக்கொண்டிருந்தது. துணியிலிருந்த வாய் அகலத் திறந்து, பாட்டை முதலிலிருந்து தொடங்கியது.