சீப்பு விழுங்கிய கூந்தல்

ஷாஹிராவின் கூந்தலுக்குள் போன முதல் சீப்பு திரும்பி வரவில்லை. அதைத் தேடிப் போன இரண்டாவது சீப்பும் வரவில்லை. மூன்றாவது மட்டும் இரண்டு பல்லை இழந்து தப்பித்து வந்தது.

எல்லாம் ஒரு பட்டத்தால் வந்த வினை. கடற்கரைத் திடலில் காற்று பட்டத்தைப் பறித்துக்கொண்டு, நூலை மட்டும் அவள் தலையில் சுற்றிவிட்டுப் போய்விட்டது. தலைக்கு ஆறு வயது. முடியோ இடுப்பு வரை.

நாளைக்குப் பெருநாள், வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவள் அம்மா ஆயிஷா கத்தரிக்கோலை எடுத்தார். ஷாஹிரா குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அழுகை பக்கத்து வீடு வரை கேட்டது. அங்கேயிருந்து பத்து வயது நட்டாலி ஒரு டியூப்போடு வந்தாள். அவள் அம்மாவுக்குப் பத்து காவான் என்ற ஊரில், தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர்கள் வீட்டுப் பூனையே அப்படியொரு வழுவழுப்பு. மடியில் ஏறினால் வழுக்கித் தரைக்கு வந்துவிடும்.

"அரை மணி நேரம் குடுங்க லா, ஆன்ட்டி. அப்புறம் வெட்டுங்க."

ஆயிஷா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். அது உள்ளே வராது என்று நட்டாலி சத்தியம் செய்த பிறகுதான் கதவு திறந்தது.

"இதுல பாலிமர்னு நீள நீளமா சங்கிலி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. முடியில எங்க ரொம்ப அடிபட்டிருக்கோ, அங்க போய்க் கெட்டியாப் பிடிச்சுக்குமாம். அம்மா சொன்னாங்க."

"வலிக்குமா?"

"சங்கிலிக்கா, உனக்கா?"

ஷாஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நட்டாலி முடியை நனைத்து, வெள்ளைக் குழம்பைத் தடவி, நுனியிலிருந்து மெல்ல மெல்ல விரலால் பிரித்தாள். தூரத்தில் ஃபெர்ரி ஊதியது. ஷாஹிராவுக்குக் கண் சொருகியது. வாளித் தண்ணீரில் முடி கடற்பாசியாக விரிந்தது. அதற்குள் வெள்ளிச் சங்கிலிகள் மீன்போல நீந்தி, ஒவ்வொரு முடியையும் தட்டித் தூங்க வைத்தன.

முதலில் இரண்டு சீப்பும் வெளியே வந்தன. பின்னாலேயே ஒரு சின்ன நண்டும் வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் சாக்கடைப் பக்கம் நடந்துபோனது.

பிடரியில் ஒரே ஒரு முடிச்சு பாக்கி. நட்டாலி டியூப்பை நசுக்கினாள், சுருட்டினாள், ஏறி மிதித்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. வாசலில் ஆயிஷா கடிகாரத்தைப் பார்த்தார்.

நட்டாலி விறுவிறுவென்று போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"அக்கா, நீயுமா?" ஷாஹிரா பிடரியைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

கறுக்.

முடி விழும் என்று காத்திருந்தாள். எதுவும் விழவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். டியூப் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதன் உள்சுவரை நட்டாலி விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, எவ்வளவு ஒளிஞ்சிருக்கு."

கடைசி முடிச்சும் வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. நூல் அறுபடாமல் முழுசாக வந்தது.

மறுநாள் ஷாஹிராவின் தலையிலிருந்து ரிப்பன் பதினோரு முறை நழுவி விழுந்தது. பதினோரு முறையும் நட்டாலிதான் கட்டிவிட்டாள்.