ஆறு பேர் சீட்டு

ஏட்டம்மாவின் இடது தோள் விண்விண்ணென்று தெறித்தது. இருபத்திரண்டு வருடமாக லத்தியைத் தவிர வேறு எதையும் தூக்காத தோள். அதற்கு முன், பத்தொன்பது வயது வரை, சந்தையில் மூட்டை சுமந்த தோள்தான். உடம்பு அதையெல்லாம் மறந்துவிட்டிருந்தது. இன்று காலையில் ஒரே தூக்கில் ஞாபகப்படுத்திவிட்டார்கள்.

காலை 7.20. சாவுத் தகவல் வந்து ஏட்டம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான்காம் வார்டில் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு ஒரு பிணத்தை மாற்ற வேண்டியிருந்தது. தூக்கும் ஆட்கள் ஐந்து பேர் வந்து நின்றார்கள், மேஸ்திரியையும் சேர்த்து.

"ஆறு பேர் சீட்டு மேடம் இது. அஞ்சு பேரா தொடமாட்டோம். நாளைக்கு இடுப்பு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் மேஸ்திரி.

பத்து நிமிடம் பார்த்தார்கள். ஆறாவது ஆள் வரவில்லை. ஏட்டம்மா தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். "தள்ளுங்கப்பா. நானும் சுமந்தவதான்."

தூக்கினார்கள். தோளில் நரம்பு ஒன்று இழுத்துக்கொண்டது. வண்டி முனகியது. ஐந்து பேரும் மூச்சுவாங்க நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி மட்டும் போர்வையை இழுத்து முகத்தை மூடிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இறந்தவள் தையல்காரம்மா. ஐம்பத்தோரு வயது. பதினோரு வாரமாக இந்த ஆஸ்பத்திரியின் உடல்பருமன் ஆராய்ச்சியில் இருந்தவள். ஒன்பது நாளைக்கு முன் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆகி, இங்கேயே படுத்திருந்தாள். இன்று காலை 6.10-க்கு மூச்சு நின்றுபோனது.

7.50. பெரிய டாக்டர் தன் அறையில் ஒரு தாளை நீட்டினார்.

"ரொட்டி தொண்டையில அடைச்சிருக்கு. மக கொண்டுவந்து குடுத்தது. ஆராய்ச்சி நோயாளிக்கு வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சுவர்லயே ஒட்டியிருக்கோம். நாலு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டா பாடியைக் குடுத்துடலாம்."

"போஸ்ட்மார்ட்டம்?"

"எதுக்கு? அந்த மேஜையில அவங்களைப் படுக்க வைக்கவே முடியாது."

"அப்ப மகமேல கேஸ் வரும்."

"அது உங்க வேலை."

ஏட்டம்மா வார்டுக்குத் திரும்பினாள். கட்டில் அருகே சின்ன அலமாரிமேல் தகர டப்பா திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு ரொட்டித் துண்டு. இரண்டும் முழுசாக இருந்தன. ஓரத்தில்கூட ஒரு கடி இல்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வலது செருப்பு நன்றாக இருந்தது. இடது செருப்பின் வாரை யாரோ பிளேடால் அறுத்து, துணிக்கிழிசலால் தளர்த்திக் கட்டியிருந்தார்கள்.

ஏட்டம்மா கையெழுத்துப் போடவில்லை. இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தாள். அவர் முனகிவிட்டு, பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவு எழுதினார்.

8.40. மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். முன்கையில் பழைய சூட்டுக் காயங்கள். ஏட்டம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரொட்டி எப்ப குடுத்தே?"

"நேத்து சாயங்காலம்."

"சாப்பிட்டாங்களா?"

"எங்கம்மா இன்னிக்குச் சாப்பிடமாட்டாங்க மேடம். செவ்வாக்கிழமை. எடை போடற நாள். முதல்நாள் ராத்திரியிலேருந்து தண்ணிகூடக் குடிக்கமாட்டாங்க. டப்பாவைத் திறந்து மோந்து பாப்பாங்க. மூடி வச்சுருவாங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆனா டாக்டர் சொல்றாரு, தின்னாங்கன்னு. நான் வாங்கிட்டு வந்திருக்கக் கூடாது. நான்தான் கொன்னுட்டேன்."

"செருப்பை அறுத்தது யாரு?"

"நான்தான். இடது கால் மட்டும் வீங்கிக்கிச்சு. அஞ்சு நாளா. தொட்டாலே கத்துவாங்க. மூச்சு வாங்குதுன்னாங்க."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

மகளுக்குக் கோபம் வந்தது. இடுப்பிலிருந்து ஒரு சலவை ரசீதை உருவினாள். அதன் பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தாள்: வியாழன், நர்ஸ். வெள்ளி, பெரிய டாக்டர். அதற்குக் கீழே சனி. அந்த வரியைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"'உடம்பைக் குறைம்மா, கால் தானா சரியாகும்'னாரு. போர்வையைக்கூட விலக்கல."

"சனிக்கிழமை?"

"ஒருத்தங்ககிட்ட சொன்னேன். அவங்க தலையைத் தூக்கிப் பாக்கல." மகள் தாளை மடித்துக்கொண்டாள். "விடுங்க. இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?"

10.15. ஆராய்ச்சி அறை. சுவரில் ஒரு பெரிய வரைபடம்: பதினெட்டு நோயாளிகள், பதினெட்டுக் கோடுகள், எல்லாம் கீழ்நோக்கி. தையல்காரம்மாவின் கோடுதான் எல்லாவற்றையும்விட அழகாக இறங்கியது. கோப்பில் எண்கள்: 119, 118, 117... பத்து வாரத்தில் பத்து கிலோ. கடைசியாக 109. பள்ளிக்கூடப் பிள்ளை தலைகீழாக எண்ணியதுபோல இருந்தது.

ஏட்டம்மா தோளைத் தடவிக்கொண்டாள். நூற்றொன்பது கிலோ என்றால் அந்தக் காலச் சந்தை மூட்டை ஒன்றும் அதற்குமேல் ஒரு குழந்தையும். இரண்டு பேர் சேர்ந்தால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆறு பேரின் மூச்சை நிறுத்துகிற கனமில்லை அது.

எடைக் கருவி மூலையில் இருந்தது. அதன் தகட்டில் எழுதியிருந்தது: அதிகபட்சம் 120.

எடை எடுக்கும் பெண் வாசலில் நின்றாள். இருபத்தாறு வயது இருக்கும். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"இந்த மெஷின்ல அவங்க எத்தனை தடவை ஏறினாங்க?"

"...ஒரு தடவைக்கா. முத நாள். முள் கடைசிக்குப் போய் நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"கீழ ஸ்டோர்ல சாமான் எடை போடற தராசுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க நின்ன ஆளுங்க சிரிச்சாங்க. ஒருத்தன் 'லாரி கொண்டாங்கடா'ன்னு கத்தினான். அவங்க அதோட மேல வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. 'நூத்திருபதுக்கு மேலன்னா ஆராய்ச்சியில சேத்துக்கமாட்டாங்களாமே. வைத்தியம் காசில்லாம வேற எங்க கிடைக்கும், கண்ணு?'ன்னாங்க. நான் 119-னு எழுதினேன்."

"வாராவாரம் ஒண்ணு குறைச்சே."

"மத்தவங்களுக்குக் குறையுதேன்னு... அவங்களுக்கு நான் எடையே போடலக்கா. அவங்களும் ஏறல. ஆனா ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் பட்டினியாத்தான் வருவாங்க. ஏன்மா, நான்தான் சும்மா எழுதறேனேன்னு கேட்டேன். 'நீ எனக்காகப் பொய் எழுதறே. அதுல நூறு கிராமாவது நான் உண்மையாக்கணும்ல'ன்னாங்க."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏட்டம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அழுகிறவளைக் கேள்வி கேட்டே அவளுக்குப் பழக்கம். இன்றைக்கு என்னவோ முடியவில்லை.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் உறையாம இருக்க ஒரு ஊசின்னு இந்தக் கோப்புல எழுதியிருக்கே? அதுக்கு அளவு எப்படி?"

"எடையை வச்சுத்தான். என் நம்பரைப் பாத்துதான் போடுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. அது சுவத்துப் படத்துக்குத்தான்னு நினைச்சேன்."

12.05. ஸ்டோர். மூட்டைகளுக்கு நடுவே தராசு. அதன் பக்கத்தில், சுவரில் ஒரு வளைந்த கம்பி. அதில் குத்திக் குத்தி வைத்த சீட்டுகள். மேஸ்திரி டீக் குவளையைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா இந்தத் தராசுல எவ்ளோ?"

"நூத்தி அறுபத்தி நாலு." அவர் யோசிக்கக்கூட இல்லை. "லாரின்னு கத்தினவன் நான்தான் மேடம். சும்மா தமாசுக்கு. பொழுதன்னைக்கும் சுமக்கிறோமா, வாய் அதுபாட்டுக்குப் பேசிடுது. அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. கோவப்படல. 'உங்க முதுகு பத்திரம், அண்ணே'ன்னாங்க." அவர் குவளையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். "காலைல தலைமாட்டுல நான்தான் புடிச்சேன்."

"உங்க சீட்டுக் கணக்கு என்ன?"

"அறுபது கிலோ வரைக்கும் ரெண்டு பேரு. நூத்திருபது வரைக்கும் நாலு. அதுக்கு மேலன்னா ஆறு. சீட்டு எழுதறவங்க கையெழுத்து இல்லாம யாரும் நகரமாட்டோம்."

"ஒன்பது நாளைக்கு முந்தின சீட்டு இருக்கா?"

மேஸ்திரி கம்பியிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாற்பது, ஐம்பது சீட்டு. ஒன்றை எடுத்து நீட்டினார். ஏட்டம்மா படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டாள்.

பிற்பகல் 3.40. பெரிய டாக்டரின் அறை. எடை எடுக்கும் பெண் சுவரோரம். மகள் கதவருகே. மேஸ்திரி வெளியே, பாதித் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு.

"பரிசோதனை முடிஞ்சது" என்றாள் ஏட்டம்மா. "தொண்டை காலி. வயித்துலயும் ஒண்ணும் இல்ல. இடது கால்ல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கு. ரொட்டிக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்ல."

மகள் புரியாதவள்போலப் பார்த்தாள். "அப்ப... நான் கொல்லலியா?"

"இல்லம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "துரதிர்ஷ்டம். ஊசி சரியாத்தான் எழுதினேன். நூத்தி ஒன்பது கிலோவுக்கு என்னவோ அது. நம்பர் தப்புன்னா இந்தப் பொண்ணைக் கேளுங்க. நான் ஃபைலை நம்பினேன்."

"தப்பு என்னோடதுதான்" என்றாள் அந்தப் பெண். "என்னைக் கூட்டிட்டுப் போங்கக்கா."

"கொஞ்சம் இரு." ஏட்டம்மா பொத்தானைக் கழற்றினாள். "இது யார் கையெழுத்து டாக்டர்?"

மேஜைமேல் விரலளவுச் சீட்டு. ஆபரேஷன் நாள், காலை 8.05. நோயாளியைத் தூக்க: ஆறு பேர்.

ஏட்டம்மா சீட்டின்மேல் விரலை வைத்தாள்.

"நூத்தி ஒன்பதுக்கு நாலு பேர் சீட்டு. அது இந்த ஆஸ்பத்திரியில கூட்டற அம்மாவுக்குக்கூடத் தெரியும். நீங்க ஆறு எழுதியிருக்கீங்க. கண்ணால பாத்தீங்க, இது நூத்திருபதுக்கு மேலன்னு. தூக்க ஆள் கூப்பிடும்போது உண்மை எடை ஞாபகம் இருந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு, 8.15-க்கு ஃபைல்ல ஊசி எழுதும்போது பொய் எடை போதும்னு ஆயிடுச்சு."

"நான் அவசரத்துல..."

"அவசரம் இல்ல. உண்மையை எழுதினா அந்தம்மாவை ஆராய்ச்சியிலேருந்து வெளிய அனுப்பணும். சுவத்துல இருக்கிற நல்ல கோடு போயிடும். இந்தப் பொண்ணு பொய் எழுதினது அந்தம்மாவை உள்ள வச்சுக்க. நீங்க பொய்யைத் தெரிஞ்சே வச்சுக்கிட்டது படத்துக்காக. அவளும் பதில் சொல்லணும். முதல்ல நீங்க சொல்லணும்."

டாக்டர் சீட்டைத் தள்ளி வைத்தார்.

"ஊசி அளவு குறைஞ்சது பாதிக் காரணம்தான். கால் வீங்கி அஞ்சு நாள். தினமும் ஃபைல்ல ஒரே வரி எழுதியிருக்கீங்க: உடல் எடை காரணமாக. கால் வலியா, எடை. மூச்சு வாங்குதா, எடை. ஒரு தடவை போர்வையை விலக்கி ரெண்டு காலையும் பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா போதும். இந்தப் பொண்ணு செருப்பு வாரை அறுத்திருக்கா. அவளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

மாலை 6.30. ஸ்டேஷன். வழக்குப் பதிவு முடிந்தது. சீட்டு, கோப்பு, செருப்பு, டப்பா, நான்கையும் உறையில் போட்டு ஒட்டினாள். தோள் இன்னும் வலித்தது. நாற்காலியில் சாய்ந்தபோது மகள் சொன்னது திரும்ப வந்தது. அவங்க தலையைத் தூக்கிப் பாக்கல.

சனிக்கிழமை காலை ஏட்டம்மாதான் மனு வாங்கும் மேஜையில் இருந்தாள். நீள வரிசை. யார் முகமும் ஞாபகமில்லை. கைகள்தான் ஞாபகம், நீண்ட கைகள், தாள்கள். அதில் ஒரு கையில் சூட்டுக் காயங்கள் இருந்தனவா?

மேஜைத் தட்டை இழுத்தாள். அடியிலிருந்து நான்காவது தாள், சலவை ரசீதின் பின்பக்கம். நீல மை. 'அம்மாவுக்கு இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது. டாக்டர் பார்க்க மாட்டேன் என்கிறார். யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.'

குறுக்கே சிவப்பு மையில், ஏட்டம்மாவின் சொந்தக் கையெழுத்தில்: ஆஸ்பத்திரி விவகாரம். அங்கேயே தீர்த்துக்கொள்ளவும்.

தாளைத் தட்டிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். மனு வாங்கினால் அன்றே ரசீது தர வேண்டும். அதுதான் விதி. தேதி போடும் இடத்தில் பேனா நின்றது. சனிக்கிழமை என்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. எடை எடுக்கும் பெண்ணும் அப்படித்தான் 119-ல் ஆரம்பித்தாள்.

இன்றைய தேதியைப் போட்டாள். கிழித்து எடுத்துக்கொண்டு பிணவறைக்கு வண்டியை விரட்டினாள்.

வாசலில் மேஸ்திரி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கண் சிவப்பு.

"இப்பத்தான் கிளம்பினாங்க மேடம். ஆறு பேர் தூக்கி ஏத்தினோம். சீட்டு இல்லாம."

"அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா?"

"உங்களைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலியே."

ஏட்டம்மா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டியது. தையல்காரம்மாவின் மகளுக்கு அவள் தர வேண்டிய ரசீது இன்னும் பாக்கி.