முழுச்சம்மதம்

எங்கள் விடுதியில் காலையில் உப்புமா போடுவதென்றாலும் எங்கள் மனம் ஒப்ப வேண்டும். தோசை என்று எழுதிப் போட்டுவிட்டு உப்புமாவைத் தட்டில் வைத்துவிட முடியாது. தட்டை நீட்டும்போதே மணிக்கட்டை இசைவுமானியின் மேல் வைக்க வேண்டும். நாடி, வியர்வை, இன்னும் என்னென்னவோ பார்த்து, உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பும் இல்லையென்றால்தான் அதில் பச்சை எரியும். அதனால் மாவு புளித்துப்போன நாள்களில் மெஸ் பொறுப்பாளர் வாசலிலேயே நின்று, "வாங்க தாயி, ரவையை நெய்யில வறுத்திருக்கேன், முந்திரிகூட போட்டிருக்கேன்" என்று ஒவ்வொருத்தியையும் கொஞ்சுவார். உளவியல் முதுகலை கடைசி வருடத்தில் இருந்த நாங்கள் வரிசையில் நின்றபடி அவருக்கு மார்க் போடுவோம்.

மனமொப்புச் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் சட்டம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வீட்டை இடிக்க, நிலத்தை எடுக்க, வேலையை விட்டு நீக்க, எல்லாவற்றுக்கும் சம்பந்தப்பட்டவர் முழுமனதாகச் சம்மதிக்க வேண்டும். அதற்காக இடிப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை. சம்மதிக்க வைக்க ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த ஆளுக்கு இசைவாளர் என்று பெயர். உளவியல் படித்தவர்கள் மட்டுமே இசைவாளர் ஆகலாம். ஒரு காலத்தில் உளவியல் என்றாலே, "அதுக்கெல்லாம் யாரு வேலை தருவா?" என்று கேட்பார்களாம். இப்போது பொறியியல் படிக்கும் பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

அந்த வருடம் மாநில இசைவு ஆணையம் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை எடுப்பதாக இருந்தது. வகுப்பில் நான்தான் முதல். என் அறைத்தோழி பெனிட்டா இரண்டாவது. வேலை எனக்குத்தான் என்று சங்கரன்கோவிலில் என் அப்பா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கும் அந்த வேலை வேண்டும். அடக்கமாகச் சொல்வானேன், வெறியாக வேண்டும். மிச்சம் இருந்தது கடைசிச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். ஆளுக்கு ஒரு நிஜ மனிதரைத் தருவார்கள். அவரை நாம் பச்சைக்குக் கொண்டுவர வேண்டும்.

எனக்கு வந்தது செண்பகவல்லி. பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் மகன் இசக்கிராஜா பைக்கிலிருந்து விழுந்து, இரண்டு வருடமாக மருத்துவமனையில் மூச்சுக்கருவியோடு நினைவில்லாமல் கிடந்தான். கருவியை எடுத்துவிட அவள் சம்மதிக்க வேண்டும். நான் போனபோது அவன் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து கட்டவெரல் அசைஞ்சதும்மா. நர்சு நம்ப மாட்டேங்கா. நீயாச்சும் பாரேன்."

விரல் அசையவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு பாடம் முழுக்கப் படித்திருந்தேன். சொல்லாமல் அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும்.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பெனிட்டாவிடம் புலம்பினேன்.

"வாய் வரைக்கும் வருதுட்டி. அந்தம்மா மொகத்தப் பாத்ததும் உள்ள போயிருது."

அவள் சுடிதாரைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "நானா இருந்தா பட்டுனு சொல்லிருப்பேன். ஒனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கு. அது கொறையில்லட்டி, ஆவுடை."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு வந்திருப்பது வீட்டைக் காலி பண்ண மறுக்கும் ஒருவருடைய வழக்கு என்று நான் நினைத்திருந்தேன். அப்படி அவள் சொன்னதே இல்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான். மறுநாள் துணி மடிக்கும்போது, "இன்னைக்குச் செண்பகவல்லின்னா, நாளைக்கு இன்னொரு செண்பகவல்லி. ஒரு வேலைக்காவ வருசம் பூரா இதத் தாங்குவியாட்டி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கிளிப்பைத் தேடப் போய்விட்டாள். இன்னொரு நாள் தலை துவட்டிக்கொண்டே, "ஒங்கப்பா நல்லவங்கட்டி. எதச் சொன்னாலும் புரிஞ்சுக்கிடுவாங்க" என்றாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே துறைத்தலைவர் தில்லைநாயகத்திடம் போய், தேர்விலிருந்தும் ஆணையத்தின் வேலையிலிருந்தும் விலகுகிறேன் என்றேன். அவர் இசைவுமானியை என் பக்கம் நகர்த்தினார். கை வைத்ததுமே பச்சை எரிந்தது. மனது அப்படி லேசாகிவிட்டது. பிறந்ததிலிருந்து நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றியது. அழுகைகூட வந்தது, சந்தோஷத்தில்.

அவர் கதவுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "உள்ள வாம்மா பெனிட்டா. பாஸ் பண்ணிட்ட."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அவர் புரியவைத்தார், வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரலில்.

"ஒவ்வொரு வருஷமும் இதுதான்மா நடைமுறை. ரெண்டாவது வந்தவளுக்கு மொதல் வந்தவதான் கேஸ். நீ அசையலேன்னா வேலை ஒனக்கு. அவ ஒன்ன அசைச்சுட்டா அவளுக்கு. ஆணையத்துக்கு வேற யாரு வேணும்?"

"இது ஏமாத்து சார்."

"அவ ஒன்கிட்ட ஏதாச்சும் பொய் சொன்னாளா?"

யோசித்தேன். ஒரு பொய்கூட இல்லை. என் மனசாட்சி என்று நான் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை, அவள் தினம் ஒரு வார்த்தையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாள். அது எனக்குள் முன்பே இருந்ததா, அவள் நட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் அவர். "வருத்தம் இருந்தா சிவப்பு எரியும். எல்லாத்தையும் ரத்து பண்ணிருதேன். கைய வை."

வைத்தேன். சிவப்பு எரிய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவை நினைத்தேன், தெருவை நினைத்தேன், பெனிட்டாவின் ஈரத்தலையை நினைத்தேன். பச்சைதான் எரிந்தது. அவள் வேலை அவ்வளவு சுத்தம்.

ஒரு வாரம் கழித்து அவள் பெட்டி கட்டினாள். கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் புடவை மடிக்க நான்தான் உதவினேன்.

"செண்பகவல்லி கேஸையும் எனக்கே குடுத்துட்டாங்க" என்றாள், பெட்டிப் பூட்டை அழுத்தியபடி. "ரெண்டே தடவதான் போனேன். கருவிய எடுத்தாச்சு, பையன் போயிட்டான்."

மறுநாள் பேட்டைக்குப் போனேன். செண்பகவல்லி மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் கை தைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் இசக்கிராஜா படம். புதுமாலை வாடவில்லை.

"வாம்மா. அந்தப் பிள்ள வந்தா, நல்லாப் பேசுனா. ஒண்ணும் கட்டாயப்படுத்தல. நானா எடுத்த முடிவுதாம்மா" என்றாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. மெஷினை நிறுத்தினாள். தெருவில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். எனக்கு அழுகையே வர மாட்டேங்கும்மா. தூக்கிட்டுப் போறப்பவும் வரல. அவன் சட்டைய எடுத்து மோந்து பாத்தேன், அப்பவும் வரல. பெத்த புள்ளைக்கி அழாம இருக்காளேன்னு ஊரு பேசுது. அது போவட்டும். அவனுக்கு நான் அழ வேண்டாமா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மனசப் பத்திப் படிச்ச பிள்ளதான? அழுகை வாரதுக்கு ஏதாச்சும் வழி சொல்லேன்."

"தெரியாதும்மா" என்றேன். "அத எங்களுக்குச் சொல்லித் தரல."