மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் கோயிலுக்கு வந்தாள். யோசித்துத்தான் வந்தாள். நேற்று மாலைப் பூசையோடு மணிக்கும் ஆர்கனுக்கும் ஓய்வு. நாளைய உயிர்ப்புப் பூசைவரை எதுவும் ஒலிக்கக் கூடாது. ஆர்கன் வாசிக்கச் சொல்லி அவளை யாரும் கேட்க முடியாத நாள்.

தங்கையை அடக்கம் செய்து ஐந்து வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் பாடகர் மாடத்துக்கு ஏறவில்லை.

ஆர்கனைப் பார்க்க வரச்சொல்லி ஆளனுப்பியிருந்த கோயில்பிள்ளை, கோயில் வேலைகளைப் பார்ப்பவர், மாடிப்படியின் அடியில் காத்திருந்தார்.

"வாங்க டீச்சர். ஆர்கன் துருத்தியில எங்கேயோ ஓட்டை. மோட்டாரை ஆஃப் பண்ணின பிறகும் காத்து விடுது."

"எலியா இருக்கும்."

"எலின்னா கடிக்கும், ஓடும். இது பெருமூச்சு விடுது. என் பொண்டாட்டி மாதிரி."

அவள் உதடு அசைந்தது. சிரிப்பு அதற்குமேல் வரவில்லை.

"நீங்க மேல வரலியா?"

"எனக்குச் சிலுவையைத் துடைக்கற வேலை இருக்கு," என்றார், படிக்கட்டைப் பார்க்காமல்.

மேலே மெழுகு வாசமும் ஈரக் காகித வாசமும் அடித்தன. மோட்டார் சுவிட்ச் அணைந்திருந்தது. பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள். ஆர்கன் முன் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள்.

பதினாறு வருடம் அவள் வாசித்தாள், தங்கை பாடினாள். இந்தக் கோயிலின் பங்கில் செத்தவர்கள் எல்லாரையும் தங்கைதான் பாடி அனுப்பினாள். பெட்டியைத் தூக்கும் முன் பாடும் பிரியாவிடைப் பாட்டு. நான்கே வரி. தங்கையின் பெட்டி நடுக்கோயிலில் இருந்தபோது ஃபாதர் மாடம்வரை ஏறி வந்து கேட்டார்: "நீ வாசிச்சா போதும்மா, சனங்க பாடிடுவாங்க."

"அவ பாட்டை வேற யாரும் பாட வேண்டாம்."

ஃபாதர் அந்த நான்கு வரியையும் வெறும் வார்த்தையாகப் படித்துவிட்டார். செருப்புச் சத்தத்தோடு பெட்டி வெளியே போனது. கல்லறையில் மண் விழுந்தபோதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் பாடியவள் பாட்டில்லாமல் போய்விட்டாள்.

ஆர்கனுக்குள் மூச்சு வாங்கியது.

நீளமாக. பிறகு அமைதி. மறுபடி மூச்சு.

எலி இல்லை. ஓட்டையும் இல்லை. ஓட்டை இடைவெளி பார்க்காது. அவள் விரலால் தாளம் போட்டு எண்ணினாள். ஒரு வரி பாடும் நேரம். மூச்சு. இன்னொரு வரி. மூச்சு.

மூன்றாவது வரியில், பாதியிலேயே, சின்னதாக ஒரு மூச்சு.

அவள் விரல் நின்றது.

அந்த இடத்தில் மூச்சு விடக் கூடாது. பதினாறு வருடம் சொல்லியிருக்கிறாள். "சொல்லை நடுவுல வெட்டாதடி, கழுதை." தங்கை சிரிப்பாள். "எனக்கு இருக்கறது ஒரே நுரையீரல்க்கா, இன்னொண்ணை நீ எடுத்துக்கிட்டே." அடுத்த சாவுக்கும் அதே இடத்தில்தான் மூச்சு விடுவாள்.

"குட்டி," என்றாள் மெதுவாக.

மூச்சு நின்றது. அருகில். காதுக்கு அருகில்.

காத்திருந்தது.

அவளுக்குப் பாட வராது. குரல் தகரம். சின்ன வயதில் பாட்டுக்குழுவிலிருந்து அவளைத் தூக்கி ஆர்கனில் உட்கார வைத்ததே அதனால்தான். இன்று ஆர்கனுக்கு அனுமதி இல்லை. குரலுக்கு உண்டு.

பாடினாள். முதல் வரி உடைந்தது. இரண்டாவது சுருதி விலகியது. மூன்றாவது வரியின் பாதியில், வேண்டுமென்றே, சொல்லை வெட்டி நிறுத்தினாள். அவளோடு சேர்ந்து இன்னொரு மூச்சும் உள்ளே போனது. நான்காவது வரியை அழுகையோடு முடித்தாள்.

அமைதி.

ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். துருத்தி அசையவில்லை.

"போயிட்டியா?"

அந்தச் சத்தத்தை நிறுத்தத்தானே வந்தோம் என்று சொல்லிக்கொண்டாள். நெஞ்சு கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்து வந்திருக்கலாம். ஒரு வாரமாவது அந்த மூச்சு இருந்திருக்கும். மூடியை இறக்கக் கை நீட்டினாள்.

ஒரு கட்டை தானாக அமிழ்ந்தது.

சத்தமில்லை. காற்றில்லாத ஆர்கன். அடுத்த கட்டை. அதற்கடுத்தது. ஒற்றை விரலால் தடவித் தடவி வாசிப்பதுபோல். தங்கைக்கு வாசிக்கத் தெரியாது. அமிழும் கட்டைகளைப் பார்த்தே இவள் சுரங்களைப் படித்தாள். பிரியாவிடைப் பாட்டு, முதல் வரி. வலது பக்கம் மட்டும். இடது கைக்கான இடம் காலியாக இருந்தது.

தங்கையின் பெட்டிக்கு அவள் வாசிக்க மறுத்த பாட்டு.

அவள் இடது கையை வைத்தாள். இருவரும் வாசித்தார்கள். ஒரு சத்தமும் இல்லை, ஒரு விதியும் மீறப்படவில்லை. கீழே, மணிக்குப் பதிலாக, கோயில்பிள்ளை மரப்பலகையைத் தட்டினார். மூன்று மணி வழிபாட்டுக்குச் சனங்கள் உள்ளே வந்தார்கள். பெஞ்சுகள் உரசின.

நான்காவது வரி முடிந்தது.

"டீச்சர்! இறங்கி வாங்க, ஆரம்பிக்கப் போறாங்க!"

அவள் கையை எடுக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. அவள் விரல்களின்மேல், ஒவ்வொன்றின்மேலும், ஈரமண் ஒட்டிய சில்லென்ற விரல்கள் இருந்தன.